‘தேய்மானம்’ என்ற ஒரு சொல் போதுமா?

எலும்பு மருத்துவப் பிரிவின் காத்திருப்புக் கூடத்தில் அமர்ந்திருப்போர் ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொள்ளும்போது மிகுதியாகக் காதில் விழும் சொல் ‘தேய்மானம்’ என்பதே.

“உங்களுக்கு என்னம்மா?”

“எலும்புத் தேய்மானம்னு சொல்லிட்டாங்க.”

“எனக்கும் அதேதான். ஒரு சுண்ணாம்புச் சத்து மாத்திரை சாப்பிடுறேன். பேரு எழுதித் தரேன், நீங்களும் வாங்கிச் சாப்பிடுங்க.”

அன்போடு சொல்லப்படும் அறிவுரைதான். ஆனால் முதலாமவருக்கு இருப்பது முழங்கால் மூட்டில் குருத்தெலும்பு தேய்ந்த நிலை. இரண்டாமவருக்கு இருப்பது உடலெங்கும் எலும்புகள் அடர்த்தி குறைந்து வலுவிழந்த நிலை. இரண்டும் வெவ்வேறு நோய்கள். அவற்றின் அறிகுறிகளும், மருத்துவமும், அவற்றால் நேரக்கூடிய ஆபத்தும் வேறு. ஆயினும் நம் வழக்கில் இரண்டுக்கும் ஒரே பெயர் வழங்கி வருகிறது. நோயாளிகள் அவ்வாறு சொல்வதில் வியப்பில்லை. மருத்துவமனையில் பணிபுரியும் நாங்களே அந்தச் சொல்லைத்தான் அவர்களுக்குக் கொடுத்து அனுப்புகிறோம்.

ஒவ்வொரு நோயாளிக்கும் அவருடைய எலும்பின் பெயரும் நோயின் பெயரும், மருத்துவச் சொல்லாகவும் நல்ல தமிழ்ச் சொல்லாகவும், சேர்த்தே சொல்லப்பட வேண்டும் என்பது எங்கள் கருத்து. இது மொழிப்பற்றினால் மட்டும் எழும் கோரிக்கை அன்று. சொல் தவறினால் சிகிச்சையும் தவறும் என்பதைக் கண்டு எழும் கோரிக்கை.

ஒரு பெயர், இரண்டு நோய்கள்

முழங்கால் வலியோடு வருவோரில் பலருக்கு இருப்பது ‘ஆஸ்டியோ ஆர்த்ரைடிஸ்’. இதை மூட்டுத் தேய்வு எனலாம். இங்கே முதலில் தேய்வது எலும்பு அன்று. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு. மூட்டில் இரு எலும்புகளும் உராயாமல் வழுக்கிச் செல்வதற்கு அதுவே துணை. அது மெலியும்போது வலியும், காலையில் எழுந்தவுடன் சற்று நேரம் பிடிப்பும், படியேறும்போது துன்பமும் உண்டாகின்றன. உடல் எடையைக் குறைத்தல், தொடையின் முன்புறத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி, தேவைக்கேற்ற வலி நிவாரணி, முற்றிய நிலையில் மூட்டு மாற்று அறுவை ஆகியவை இதற்கான வழிகள். சுண்ணாம்புச் சத்து மாத்திரையால் தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் வளர்வதில்லை.

‘ஆஸ்டியோபோரோசிஸ்’ என்பது வேறு. தமிழில் எலும்புப்புரை என்று பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. புரை என்றால் உள்ளே துளைபட்ட தன்மை. கறையான் அரித்த மரச்சட்டம் வெளிப்பார்வைக்கு முழுதாகத் தோன்றினும் பாரம் தாங்காததைப் போல, எலும்பின் உருவம் அப்படியே இருக்க, உள்ளிருக்கும் வலு குறைந்துவிடுகிறது. மாதவிடாய் நின்ற பின் பெண்களுக்கு இது விரைந்து வரக்கூடும். முதுமையில் ஆண்களுக்கும் உண்டு. நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து உட்கொள்வோருக்கும் வரலாம். இதன் கொடுமை யாதெனில், எலும்பு முறியும் வரை பெரும்பாலும் வலியே இராது. கால் இடறிக் கையூன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிவது, முதுகெலும்பு நசுங்கிக் கூன் விழுவது, குளியலறையில் வழுக்கி இடுப்பருகே தொடை எலும்பு முறிவது ஆகியவையே பலருக்கு முதல் அறிகுறி.

எலும்பின் அடர்த்தியை ‘டெக்ஸா’ என்னும் சோதனையால் அளவிடுகிறார்கள். அதில் வரும் டி-ஸ்கோர் என்ற எண், ஆரோக்கியமான இளவயதினரின் சராசரியிலிருந்து நம் எலும்பு எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி அந்த எண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் இடைப்பட்டிருந்தால் ‘ஆஸ்டியோபீனியா’, அதாவது எலும்பு அடர்த்திக் குறைவு. சாதாரண எக்ஸ்ரே படத்தில் இது எளிதில் புலப்படாது. கணிசமான அளவு இழந்த பின்னரே தென்படும்.

இப்போது அந்தக் காத்திருப்புக் கூடத்துக்குத் திரும்புவோம். மூட்டுத் தேய்வு உள்ளவர் சுண்ணாம்புச் சத்து மாத்திரையை நம்பிப் பயிற்சியைக் கைவிட்டால், அவர் முழங்கால் மேலும் வலுவிழக்கும். எலும்புப்புரை உள்ளவர், ‘தேய்மானம் எல்லாருக்கும் வருவதுதான், தைலம் தேய்த்தால் போதும்’ என்று மற்றவரைப் பார்த்து இருந்துவிட்டால், அடுத்த முறை விழும்போது தொடை எலும்பு முறியும். முதியவருக்குத் தொடை எலும்பு முறிந்து படுக்கையில் கிடக்க நேர்ந்தால், நுரையீரல் அழற்சி, படுக்கைப் புண், காலில் இரத்தம் உறைதல் ஆகியவை பின்தொடரக்கூடும். ஒரு சொல்லின் குழப்பத்துக்கு இது மிகப் பெரிய விலை.

‘ஜவ்வு’, ‘கேப்’, ‘கிராக்’

இதே குழப்பம் வேறு சொற்களிலும் உண்டு. ‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்று ஒருவர் சொன்னால் எதைச் சொல்கிறார்? எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் நாராகிய லிகமெண்ட்டையா? முழங்காலுக்குள் பிறைவடிவில் அமைந்து அதிர்வைத் தாங்கும் மெனிஸ்கஸையா? முதுகெலும்புகளுக்கு இடையில் மெத்தை போல் அமைந்த டிஸ்க்கையா? மூன்றையும் நாம் ஜவ்வு என்றே சொல்கிறோம். டிஸ்க் பிதுங்கியவருக்குப் பெரும்பாலும் அறுவையின்றியே குணமாகிறது. முழங்கால் நார் முற்றிலும் அறுபட்ட இளம் விளையாட்டு வீரருக்கு அறுவை தேவைப்படலாம். ‘என் மைத்துனருக்கும் ஜவ்வுதான், ஆபரேஷன் இல்லாமலே சரியாகிவிட்டது’ என்ற ஒப்பீடு இங்கே பொருளற்றது.

‘முதுகுத் தண்டில் கேப் விழுந்திருக்கிறது’ என்பது மற்றொரு தொடர். உண்மையில் எக்ஸ்ரே படத்தில் எலும்புகளுக்கு நடுவே வெற்றிடம் போல் தெரிவது வெற்றிடம் அன்று. அங்கே டிஸ்க்கோ குருத்தெலும்போ இருக்கிறது. அவற்றின் நிழல் அந்தப் படத்தில் விழுவதில்லை, அவ்வளவே. ஆகவே இடைவெளி இருப்பது நலம். அது குறைவதே தேய்வின் அடையாளம். மருத்துவர் ‘இடைவெளி குறைந்திருக்கிறது’ என்று சொல்வது, வீடு சேர்வதற்குள் ‘இடைவெளி விழுந்துவிட்டது’ என்று தலைகீழாக மாறிவிடுகிறது.

இவற்றினும் தீங்கானது ‘ஃபிராக்சர் இல்லை, வெறும் கிராக்தான்’ என்ற நம்பிக்கை. மருத்துவத்தில் இரண்டும் ஒன்றே. எலும்பின் தொடர்ச்சி எங்கே அறுபட்டாலும் அது முறிவுதான். மயிரிழை போன்ற விரிசலாக இருக்கலாம். விலகாத முறிவாக இருக்கலாம். விலகிய முறிவாகவோ, பல துண்டுகளாக நொறுங்கிய முறிவாகவோ, தோலைக் கிழித்து வெளிவந்த முறிவாகவோ இருக்கலாம். குழந்தைகளின் எலும்பு பச்சைக் குச்சியைப் போல் ஒருபுறம் மட்டும் ஒடிந்து மறுபுறம் வளைந்து நிற்பதும் உண்டு. வகை வேறானால் மருத்துவமும் வேறாகும். ஆனால் ‘கிராக்’ என்ற சொல்லைக் கேட்டதும் மாவுக்கட்டைத் தாமே பிரித்துவிடுவோரும், கட்டிய கையோடு பாரம் தூக்குவோரும் உண்டு. இவர்களைக் கடிந்து பயனில்லை. அவர்களுக்குக் கிடைத்த சொல் அவர்களை எச்சரிக்கவில்லை.

‘சுளுக்கு’ என்பதும் அவ்வாறே. மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உள்ளன. அவற்றுள் ஒன்று ‘ஸ்கேஃபாய்டு’, படகு வடிவ எலும்பு. கையூன்றி விழும்போது இது முறிந்தால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். கட்டைவிரலின் அடிப்பக்கக் குழிவில் அழுத்தினால் வலிக்கும். சுளுக்கு என்று எண்ணி உருவிவிட்டால், இரத்த ஓட்டம் குறைந்த அந்த எலும்பு ஒட்டாமலே போய், பின்னாளில் மணிக்கட்டையே முடக்கிவிடக்கூடும்.

பெயர்கள் அச்சுறுத்துவன அல்ல

‘அவ்வளவு கடினமான பெயர்களைப் பாமரருக்கு எப்படிச் சொல்வது?’ என்று கேட்பவர்கள் உண்டு. எலும்புகளின் பெயர்களைச் சற்றே நெருங்கிப் பார்த்தால் இந்த அச்சம் அகலும். வயது வந்தோர் உடலில் பொதுவாக 206 எலும்புகள். இரு கைகளில் மணிக்கட்டு உட்பட 54, இரு பாதங்களில் 52, ஆகப் பாதிக்கு மேற்பட்டவை இந்நான்கிலேயே அடங்கிவிடுகின்றன. இவற்றுக்குப் பெயரிட்ட பழைய கிரேக்க, இலத்தீன் அறிஞர்கள் தம் வீட்டிலும் வீதியிலும் கண்ட பொருள்களின் பெயர்களையே சூட்டினார்கள். ‘கிளாவிக்கிள்’ என்றால் சிறு சாவி. ‘பெல்விஸ்’ என்றால் அகன்ற பாத்திரம். ‘பட்டெல்லா’ என்றால் சிறு தட்டு. ‘ஃபிபுலா’ என்றால் ஆடையைப் பிணைக்கும் ஊசி. ‘காக்சிக்ஸ்’ என்பது குயிலினப் பறவையின் பெயர். முதுகின் கடைசி எலும்பு அதன் அலகைப் போலிருப்பதால் வந்தது.

நம் மொழியும் இதையே செய்திருக்கிறது. கழுத்தடியில் கிடக்கும் எலும்புக்குக் காறை எலும்பு என்று பெயர். காறை என்பது கழுத்தில் அணியும் ஒருவகை அணி. முழங்காலின் முன்புறம் இருப்பது சில்லு. முதுகின் அடியில் இருப்பது வால் எலும்பு. முன்கையின் இரு எலும்புகளில் கட்டைவிரல் பக்கம் உள்ள ‘ரேடியஸ்’ இலத்தீனில் சக்கரத்தின் ஆரக்கால். தமிழில் அதுவே ஆரை எலும்பு. ‘டிஸ்டல் எண்ட் ரேடியஸ் ஃபிராக்சர்’ என்று ஆவணத்தில் எழுதியிருப்பதை, ‘மணிக்கட்டின் அருகே, கட்டைவிரல் பக்கத்து ஆரை எலும்பின் கீழ்முனை முறிந்திருக்கிறது’ என்று சொல்வதற்கு அரை நிமிடம் போதும். கையைத் தொட்டுக் காட்டினால் அதுவும் வேண்டாம்.

எலும்புக்கும் தலை, கழுத்து, உடல் என்ற பகுதிகள் உண்டு. இது தெரியாததால் நேரும் அச்சத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: விழுந்து அடிபட்ட பாட்டியின் எக்ஸ்ரே அறிக்கையில் ‘நெக் ஆஃப் ஃபீமர்’ என்றிருப்பதைப் படித்த பேரன், பாட்டியின் கழுத்து முறிந்துவிட்டதென்று கலங்குவான். ‘தொடை எலும்பின் மேல்முனை பந்து போன்றது, அந்தப் பந்தைத் தாங்கும் குறுகிய பகுதிக்குக் கழுத்து என்று பெயர், அங்கே முறிந்திருக்கிறது’ என்று விளக்கினால் அவன் கலக்கம் தீரும். அறுவை ஏன் தாமதமின்றிச் செய்யப்பட வேண்டும் என்பதையும் அவனே வீட்டாருக்கு எடுத்துச் சொல்வான்.

உடற்கூற்றியலைத் தமிழில் சொல்வது புதிய முயற்சியும் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்றியல், அறுவை மருத்துவ நூல்களைத் தமிழில் வெளியிட்டார். ஒரு மருத்துவப் படிப்பையே தமிழில் நடத்த முடிந்ததென்றால், ஒரு நோயாளிக்கு அவருடைய ஒரே ஓர் எலும்பைத் தமிழில் சொல்ல இன்று முடியாதென்பது பொருந்தாது.

சொல் கேள்வியை மூடும்போது

‘தேய்மானம்’ என்ற சொல்லுக்கு இன்னொரு குறை உண்டு. அது கேள்விகளை முடித்துவிடுகிறது. ‘வயதானால் தேயத்தானே செய்யும்’ என்ற எண்ணம் வந்தவுடன் நோயாளியும் வீட்டாரும் மேற்கொண்டு எதையும் கேட்பதில்லை. ஆனால் முதுகுவலி எல்லாம் தேய்மானம் அன்று. மாலைக் காய்ச்சல், எடை குறைதல் ஆகியவற்றோடு வரும் முதுகுவலிக்கு முதுகெலும்பைத் தாக்கிய காசநோய் காரணமாகலாம். நம் நாட்டில் இதை மறக்கவே கூடாது. ஓய்விலும் இரவிலும் விடாமல் தொடரும் வலி, முன்பு புற்றுநோய்க்கு மருத்துவம் பெற்றவருக்குப் புதிதாக வரும் எலும்பு வலி ஆகியவை உடனே ஆராயப்பட வேண்டியவை. கால் வலுவிழப்பதும், மலசலம் கழிப்பதில் கட்டுப்பாடு தவறுவதும் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள். இவற்றில் எதுவும் ‘அதே பழைய தேய்மானம்’ என்ற பெயரின் கீழ் மறைந்துவிட நாம் இடம் தரலாகாது.

வீட்டாருக்கும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பெரியவருக்கு வந்திருப்பது கடுமையான நோய் என்று தெரிந்ததும், ‘அப்பாகிட்ட வெறும் தேய்மானம்னு மட்டும் சொல்லிடுங்க டாக்டர்’ என்று தனியே வந்து கேட்போர் உண்டு. அந்த வேண்டுகோளின் பின்னே இருக்கும் பாசத்தை நாங்கள் அறிவோம். ஆனால் வெறும் தேய்மானம் என்று நம்பியவர் மருந்தைப் பாதியில் நிறுத்துவார். மறுபரிசோதனைக்கு வர மறுப்பார். வலி ஏன் தீரவில்லை என்று தம்மைக் கவனிப்போர் மீதே சினம் கொள்வார். எவ்வளவு, எப்போது, எந்தச் சொற்களில் சொல்வது என்பதை நாம் சேர்ந்து பேசி முடிவு செய்யலாம். பொய்யான பெயர் மட்டும் வேண்டாம்.

எங்கள் தரப்பின் சாக்குகள்

மருத்துவச் சொற்கள் இல்லாமலே இருந்துவிடலாம் என்று நாங்கள் கூறவில்லை. ஆஸ்டியோபோரோசிஸ் என்று எழுதினால் எந்த ஊர் மருத்துவரும் ஒரே பொருளில் புரிந்துகொள்வார். நாளை நீங்கள் வேறு ஊரில் விழுந்து அடிபட்டால் அந்தச் சொல்லே உங்களைக் காக்கும். எனவே அது ஆவணத்தில் இருந்தாக வேண்டும். அதன் அருகில் தமிழும் இருக்க வேண்டும் என்பதே எங்கள் வாதம்.

‘நேரமில்லை’ என்பது எங்கள் தரப்பில் அடிக்கடி சொல்லப்படும் காரணம். கூட்டம் மிகுந்த நாளில் அது உண்மையே. ஆயினும் சரியாகப் புரியாதவர் மீண்டும் மீண்டும் வருகிறார். தவறான மாத்திரை வாங்குகிறார். மாவுக்கட்டைப் பிரித்துவிட்டு வருகிறார். அப்போது செலவாகும் நேரம் முதலில் சேமித்ததைவிட மிகுதி. ‘பெயரைச் சொன்னால் பயந்துவிடுவார்கள்’ என்பது மற்றொரு காரணம். பெயர் தெரிந்தவரைவிட, பெயர் தெரியாமல் நள்ளிரவில் கைப்பேசியில் தேடுபவரே மிகுதியாகப் பயப்படுகிறார் என்பது எங்கள் எண்ணம்.

இனிச் செய்ய வேண்டுவது

மருத்துவர்களும் செவிலியர்களும் இயன்முறை மருத்துவர்களும் ஆகிய நாங்கள் மூன்று கடமைகளை ஏற்க வேண்டும். ‘எலும்புத் தேய்மானம்’ என்று மொட்டையாகச் சொல்வதை விட்டு, மூட்டுத் தேய்வா எலும்புப்புரையா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். வீடு திரும்பும்போது தரும் சுருக்கக் குறிப்பின் கீழே இரண்டு வரியாவது தமிழில் எழுத வேண்டும்: எந்த எலும்பு, என்ன ஆயிற்று. நோயாளியைத் தம் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். அது அவருக்கு வைக்கும் தேர்வு அன்று. நாங்கள் விளக்கியது போதுமா என்று எங்களுக்கு வைக்கும் தேர்வு.

நோயாளிகளும் உடன் வருவோரும் நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்.

என் நோயின் மருத்துவப் பெயர் என்ன? எழுதித் தாருங்கள்.

உடலில் எந்த இடம்? தொட்டுக் காட்டுங்கள்.

பாதிப்பு எலும்பிலா, குருத்தெலும்பிலா, நாரிலா, டிஸ்க்கிலா?

நான் செய்யக் கூடாதது என்ன, எந்த அறிகுறி வந்தால் உடனே திரும்பி வர வேண்டும்?

கிடைக்கும் பதிலை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து, எக்ஸ்ரே உறையோடு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வெளியூரில் இருந்தாலும், பக்கத்து வீட்டார் அழைத்து வர நேர்ந்தாலும், அந்த ஒரு பக்கம் உங்களுக்காகப் பேசும். கேள்வி கேட்டால் மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்று அஞ்ச வேண்டாம். கோபித்துக்கொண்டால் தவறு எங்களுடையது.

அடுத்த முறை காத்திருப்புக் கூடத்தில் யாராவது, ‘எனக்கும் அதே தேய்மானம்தான்’ என்று மாத்திரையின் பெயரை எழுதித் தர முன்வந்தால், அந்தச் சீட்டை வாங்கிக்கொள்வதற்கு முன் அன்போடு ஒன்று கேளுங்கள்: “உங்களுக்கு மூட்டிலா, எலும்பிலா?” அவருக்கு விடை தெரியாதென்றால், இருவருமாகச் சேர்ந்து உள்ளே வந்து எங்களிடம் கேளுங்கள்.